சுவர் இல்லாத வகுப்பறை: எழும்பூர், அடையாறு, அப்புறம் நம்ம கார்ப்பரேஷன் ஸ்கூல்



மந்தைவெளிங்கற பேரைக் கொஞ்சம் பிரிச்சுப் பாருங்க. மந்தை, வெளி. மயிலாப்பூர் மாடுங்க மேஞ்ச திறந்தவெளிங்கறதால அந்தப் பேருன்னு சொல்வாங்க. இன்னைக்கு அங்க பறக்கும் ரயில் ஸ்டேஷன் இருக்கு, அபார்ட்மென்ட் இருக்கு. வெளி மட்டும் பேர்ல மிஞ்சி நிக்குது.

இன்னைக்கு எபிசோட் அந்த 'வெளி'யைப் பத்திதான். புதுசா கட்டற பள்ளிக்கூடங்களோட பிரோஷரை எடுத்துப் பார்த்தீங்கன்னா அடிக்கடி கண்ணுல படற வார்த்தை 'ஓபன் லேர்னிங் ஸ்பேஸ்'. அதாவது, வரிசையா அறைகள், அறைக்குள்ள வரிசையா பெஞ்சு, முன்னாடி ஒரு போர்டு, இந்த அமைப்பு வேண்டாம். பெரிய கூடம், நகர்த்தக்கூடிய தடுப்பு, தரையில உட்கார்ந்து வேலை செய்ய இடம், வராந்தாவும் வகுப்பு, மரத்தடியும் வகுப்பு. இதைப் புத்தம்புது ஐடியா மாதிரி சொல்றாங்க. ஆனா நம்ம சென்னையில இது குறைஞ்சது மூணு தடவை நடந்திருக்கு. முதல் தடவை நடந்து 230 வருஷம் ஆச்சு.

கதைக்குள்ள போறதுக்கு முன்னாடி ஒண்ணு. நம்ம வேலையில ஒரு பழைய கோடை டெலிட் பண்றதுக்கு முன்னாடி, அதை நம்பி வேற எதெல்லாம் ஓடுதுன்னு பார்ப்போம் இல்லையா? வகுப்பறைச் சுவரும் அப்படித்தான். அது சத்தத்தைத் தடுக்குது. எந்தக் குழந்தை எந்தக் கூட்டம்னு பிரிக்குது. போர்டைத் தாங்குது. எல்லாரையும் ஒரே திசையில பார்க்க வைக்குது. சுவரை எடுத்தா இந்த வேலையையெல்லாம் வேற யாராவது, வேற எதாவது செய்யணும். இன்னைக்குச் சொல்லப்போற ஒவ்வொரு கதையிலயும் இந்த ஒரு விஷயத்தை மட்டும் கவனிச்சுக்கிட்டே வாங்க.

எழும்பூர்: மணல்ல எழுதின பசங்க

1789. ஆண்ட்ரூ பெல்னு ஒரு ஸ்காட்லாந்து பாதிரியார். எழும்பூர்ல இருந்த ஆண் பிள்ளைகளுக்கான அனாதை விடுதியோட பொறுப்பை ஏத்துக்கறார். பெரும்பாலும் இங்க இருந்த ஐரோப்பியச் சிப்பாய்களோட பசங்க. ஆசிரியர்கள் கொஞ்சம் பேர்தான், அவங்களுக்கும் ஆர்வம் கிடையாது.

ஒரு நாள் பெல் ஒரு உள்ளூர்ப் பள்ளிக்கூடத்தைப் பார்க்கறார். பசங்க தரையில மணலைப் பரப்பி, விரலால எழுத்து எழுதிப் பழகறாங்க. காகிதம் வேண்டாம், மை வேண்டாம். தப்பா எழுதினா ஒரு தடவு தடவினா போதும். அதை அப்படியே விடுதிக்குக் கொண்டுவரப் பார்க்கறார். அங்க இருந்த ஆசிரியர்கள் சரிப்பட்டு வரலை. உடனே ஜான் ஃப்ரிஸ்கன்னு ஒரு சின்னப் பையனைக் கூப்பிட்டு, "நீயே சொல்லிக்கொடு"ன்னு விடறார். அவன் சொல்லிக்கொடுத்துடறான். அதுல இருந்து விடுதி முழுக்க பசங்களே பசங்களுக்கு வாத்தியார்.

மணல்ல எழுதற யோசனையை இங்க பார்த்துத்தான் எடுத்தேன்னு பெல்லே எழுதியிருக்கார். பசங்களே சொல்லிக்கொடுக்கற முறையைத் தன்னோட கண்டுபிடிப்புன்னு சொல்லிக்கிட்டார். ஆனா நம்ம திண்ணைப் பள்ளிக்கூடத்துல அந்த வேலைக்கு ஒரு பதவியே உண்டு: சட்டாம்பிள்ளை. வாத்தியார் ஒருத்தர், வயசு வித்தியாசத்தோட பசங்க, எல்லாரும் ஒரே திண்ணையில. ஒருத்தன் மணல்ல 'அ' போட்டுக்கிட்டு இருப்பான், இன்னொருத்தன் எண்சுவடி ஒப்பிச்சுக்கிட்டு இருப்பான், மூணாமவன் ஓலையில எழுத்தாணி பிடிச்சிருப்பான். மூத்தவன் இளையவனைப் பார்த்துப்பான். பெல்லுக்கு ரொம்ப முன்னாடியே, 1623-ல, பியெட்ரோ தெல்லா வல்லேன்னு ஒரு இத்தாலியப் பயணி, இன்னைக்குக் கர்நாடகாவுல இருக்கற இக்கேரி பக்கம் ஒரு கோயில் முன்மண்டபத்துல இதே காட்சியைப் பார்த்து எழுதி வெச்சிருக்கார். பசங்க மணல்ல எழுதறாங்க, ராகம் போட்டுப் பாடறாங்க, ஒருத்தருக்கொருத்தர் கத்துக்கறாங்க.

அந்தத் திண்ணைக்குச் சுவர் கிடையாது, தெருவைப் பார்த்துத் திறந்திருக்கும். அதனால அது எல்லாருக்கும் திறந்திருந்ததுன்னு அர்த்தம் ஆகிடாது. கவர்னர் தாமஸ் மன்றோ 1822-ல ஒரு கணக்கெடுப்பு ஆரம்பிச்சார். 1826-ல முடிவு வந்தது: மெட்ராஸ் மாகாணம் முழுக்க 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர்கள். அதுல பெண் குழந்தைகள் சொற்பம். தாழ்த்தப்பட்டவங்கன்னு ஒதுக்கிவெச்ச சாதிகளோட பசங்க ஊர்த் திண்ணையில உட்காரவே முடியாது. சுவர் இல்லாமலேயே ஒருத்தரை வெளியில நிறுத்த முடியும்ங்கறதை நம்ம ஊர் நல்லாவே தெரிஞ்சு வெச்சிருந்தது.

லண்டனுக்குப் போன மெட்ராஸ் முறை

பெல் 1796-ல ஊர் திரும்பி, அடுத்த வருஷமே இதை ஒரு சின்னப் புத்தகமாப் போடறார். பேரு 'மெட்ராஸ் முறை'ன்னே நிலைச்சுடுச்சு. அதே சமயத்துல லண்டன்ல ஜோசப் லங்காஸ்டர்னு ஒருத்தர் கிட்டத்தட்ட இதே முறையில ஒரு பள்ளி நடத்தறார். யார் முதல்லங்கற சண்டை பல வருஷம் ஓடுச்சு. ஒரே ஒரு வாத்தியாரை வெச்சு 1,000 பசங்களுக்குச் சொல்லிக்கொடுக்கலாம்ங்கறது லங்காஸ்டரோட கணக்கு.

நம்ம விஷயத்துக்கு முக்கியமானது கட்டடம். இந்த முறைக்கு அறைகளே தேவையில்லை. ஒரே ஒரு பெரிய கூடம் போதும். லங்காஸ்டர் கூடத்துல நடுவுல நீள நீள பெஞ்சு. பெல் ஆளுங்களோட கூடத்துல மேசையெல்லாம் சுவரோரம், நடுவுல தரை காலி, அங்க சின்னச் சின்னக் கூட்டமா பசங்க நிப்பாங்க, ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு சட்டாம்பிள்ளை. 1811-ல இங்கிலாந்துச் சர்ச் ஆரம்பிச்ச நேஷனல் சொசைட்டி, பெல் முறையை நாடு முழுக்கக் கொண்டுபோச்சு. பெல்லோட சொந்த ஊர் செயின்ட் ஆண்ட்ரூஸ்ல அவர் விட்டுட்டுப் போன பணத்துல 1833-ல திறந்த பள்ளிக்கு இன்னைக்கு வரைக்கும் 'மெட்ராஸ் காலேஜ்'னுதான் பேரு. கூகுள் பண்ணிப் பாருங்க.

அப்ப ஏன் அந்தக் கூடங்கள் நிலைக்கலை? சட்டாம்பிள்ளைங்க தனக்குத் தெரிஞ்சதை மட்டும்தான் சொல்லிக்கொடுக்க முடியும். எழுத்து, கூட்டல், மனப்பாடம் வரைக்கும் ஓடுச்சு. அதுக்கு மேல "ஏன்?"னு ஒரு குழந்தை கேட்டா பதில் சொல்ல ஆள் இல்லை. 1846-ல சம்பளத்தோட பயிற்சி ஆசிரியர்களைப் போட ஆரம்பிச்சாங்க. வளர்ந்த ஆளுங்க வகுப்பெடுக்க ஆரம்பிச்சதும், ஒரே கூடத்துல நாலு பெரியவங்க குரல் மோதிக்குது. 1873-ல லண்டன் ஸ்டெப்னி பகுதியில, பிரஷ்ய நாட்டு மாதிரியில, வகுப்புக்கு ஒரு அறைன்னு ஒரு பள்ளி கட்டிப் பார்த்தாங்க. அப்புறம் அதுவே வழக்கம் ஆகிடுச்சு.

அந்த அறை, அந்த பெஞ்சு, அந்த மணி, எல்லாம் கப்பல் ஏறி மெட்ராஸுக்கே வந்தது. நாம 'பாரம்பரிய வகுப்பறை'ன்னு நினைக்கறது அதைத்தான். திண்ணை இங்கிருந்து போச்சு, பதிலுக்குச் சுவர் வந்தது.

அடையாறு: ஓலைக் கொட்டகையில மாண்டிசோரி

இப்ப மந்தைவெளியில இருந்து ஆர்.கே. மட் ரோடு வழியா தெற்கே போங்க. திரு.வி.க. பாலம் ஏறி ஆத்தைத் தாண்டினா இடதுகைப் பக்கம் தியசாஃபிகல் சொசைட்டி. இந்த இடத்துக்கும் பள்ளிக்கூடத்துக்கும் பழைய தொடர்பு. ஊர்த் திண்ணையில இடம் கிடைக்காத குழந்தைகளுக்காக, கர்னல் ஆல்காட் 1894-ல இங்கதான் ஒரு இலவசப் பள்ளி ஆரம்பிச்சார். ஆல்காட் நினைவுப் பள்ளின்னு இன்னைக்கும் அது நடக்குது.

1939 கடைசியில இத்தாலி நாட்டவரான மரியா மாண்டிசோரி இங்க வந்து இறங்கறாங்க. அவங்களுக்கு அப்ப 69 வயசு. கூட மகன் மாரியோ. கூப்பிட்டது அப்போதைய தலைவர் ஜார்ஜ் அருண்டேலும் ருக்மிணி தேவியும். சில மாசப் பயிற்சி நடத்திட்டுக் கிளம்பறதுதான் திட்டம். இந்தியா முழுக்க இருந்து 300 பேர் கிட்ட பயிற்சிக்கு வர்றாங்க. அத்தனை பேருக்கு ஏத்த கட்டடம் எங்க இருக்கு? ஓலைக் கொட்டகை போட்டு வகுப்பு நடந்தது.

1940 ஜூன்ல இத்தாலி போர்ல இறங்குது. இத்தாலிக்காரங்க எல்லாரும் பிரிட்டிஷ் அரசுக்கு எதிரி நாட்டவங்க. மாரியோவைப் பிடிச்சு முகாம்ல வைக்கறாங்க. மரியாவுக்கு வெளியில போகக் கட்டுப்பாடு. அந்த ஆகஸ்ட் 31 அவங்களோட 70-வது பிறந்தநாள். அதையொட்டி மாரியோவை விடுவிச்சாங்க. ஆனா நாட்டை விட்டுப் போக முடியலை. கொஞ்ச நாளைக்குன்னு வந்தவங்க, போர் முடியற வரைக்கும் இங்கேயே. அடையாறுலயும் கொடைக்கானல்லயும் வேலை தொடர்ந்தது. 1946-லதான் ஐரோப்பாவுக்குத் திரும்பினாங்க.

மாண்டிசோரி வகுப்புக்குள்ள போனா முதல்ல தெரியறது, இடம் திறந்து கிடக்கறது. வரிசை கிடையாது, ஆசிரியர் மேசை நடுவுல கிடையாது. ஆனா கொஞ்ச நேரம் உட்கார்ந்து பாருங்க, எவ்வளவு கட்டுப்பாடுன்னு தெரியும். அலமாரி குழந்தை உயரம்தான். ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு இடம், வேலை முடிஞ்சா அங்கேயே திருப்பி வைக்கணும். வேலை செய்யற குழந்தை தரையில ஒரு சின்னப் பாய் விரிச்சுக்கும். அந்தப் பாய்தான் அதோட எல்லை, அடுத்தவங்க மிதிக்கக் கூடாது. சுவர் அங்க பாயா சுருங்கிடுச்சு. ஒவ்வொரு உபகரணமும் ஒரே ஒரு செட்தான் இருக்கும். ஒரு குழந்தை எடுத்துட்டா அடுத்தது காத்திருக்கணும். நம்ம பாஷையில சொன்னா ஒரு லாக்: ஒருத்தர் ரிலீஸ் பண்ற வரைக்கும் இன்னொருத்தர் தொட முடியாது. "சத்தம் போடாதே, சண்டை போடாதே"ன்னு கத்த வேண்டிய வேலையை அந்த ஒரே செட் செஞ்சுடுது.

கூரை ஓலையா காங்கிரீட்டாங்கறது இந்த முறைக்குப் பெரிய விஷயமே இல்லை. அதனாலதான் ஆத்தங்கரைத் தோப்புல அது நடந்தது.

சுவரை இடிச்சவங்க, திரும்பக் கட்டினவங்க

வெளிநாட்டுல 1950-60கள்ல ரெண்டாவது அலை. இங்கிலாந்துல டேவிட் மெட், மேரி மெட்னு கட்டடக்கலைத் தம்பதி. 1959-ல ஃபின்மியர்ங்கற சின்ன கிராமத்துல ஒரு பள்ளி கட்டறாங்க. மடக்குக் கதவைத் திறந்தா முழுப் பள்ளியும் ஒரே இடம். உட்கார்ந்து படிக்க ஒரு மூலை, தண்ணி, பெயின்ட் வேலைக்கு ஒரு மூலை. 50 பிள்ளைகள் மாதிரிதான், அவங்களைத் தெரிஞ்ச ஆசிரியர்கள். அது நல்லா நடந்தது.

இதைப் பார்த்து அமெரிக்காவுல பெரிய பெரிய பள்ளிகளை உள்சுவரே இல்லாம கட்டினாங்க. நூத்துக்கணக்குல பிள்ளைகள், ஆனா பாடப்புத்தகம் அதே, பாடம் நடத்தற விதமும் அதே. என்ன ஆகும்? பக்கத்து வகுப்புல சிரிச்சா இங்க எல்லாரும் திரும்பிப் பார்ப்பாங்க. ஆசிரியர்கள் பீரோவை இழுத்து, புத்தக அலமாரியை நிறுத்தி, அவங்களே தடுப்பு போட்டுக்கிட்டாங்க. 70கள் முடியறதுக்குள்ள பல இடத்துல நிஜச் சுவரே திரும்ப வந்துடுச்சு.

ஓஎம்ஆர்ல ஓபன் ஆபீஸ்ல வேலை பார்க்கற யாருக்கும் இதைப் புரியவைக்க வேண்டியதில்லை. நம்ம காதுல இருக்கற ஹெட்போன் என்னது? நாம சொந்தக் காசு போட்டு வாங்கின சுவர்தான் அது. குழந்தைகளுக்கு அந்த வசதி கிடையாது. இன்னொன்னு, சுத்தி இரைச்சல் கூடினா மனுஷன் தன்னை அறியாமலே குரலை உயர்த்துவான். லம்பார்ட் விளைவுன்னு பேரு. நாலு குழு ஒரே கூடத்துல பேசினா ஒவ்வொண்ணும் மத்ததை ஜெயிக்கப் பார்க்கும். டைல்ஸ் தரை, காங்கிரீட் கூரை, ரெண்டும் சத்தத்தை உறிஞ்சாது, திருப்பித்தான் அடிக்கும். மேல நாலு ஃபேன் வேற.

சென்னை மாநகராட்சி, 2003

இப்ப நம்ம தலைமுறைக் கதை. 2003-ல சென்னை மாநகராட்சி ஆணையரா இருந்தவர் எம்.பி. விஜயகுமார் ஐஏஎஸ். ஆந்திராவுல மதனப்பள்ளி பக்கம் இருக்கற ரிஷி வேலியில, சுத்துப்பட்டு கிராமங்கள்ல ஓராசிரியர் பள்ளிகளுக்காக ஒரு முறை உருவாக்கியிருந்தாங்க. மாநகராட்சி ஆசிரியர்கள் அங்க போய்ப் பார்த்துட்டு வந்தாங்க. முதல்ல 13 பள்ளிகள்ல ஆரம்பிச்சாங்க. அடுத்த வருஷமே மாநகராட்சியோட 264 பள்ளிகளுக்கும் போச்சு. 2007-08-ல தமிழ்நாடு முழுக்க 37,000-க்கும் மேல அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகள். பேரு செயல்வழிக் கற்றல், எல்லாரும் சொன்னது ஏபிஎல்.

புதுக் கட்டடம் எதுவும் கட்டலை. இருந்த அறைக்குள்ளேயே மாத்தினாங்க. பெஞ்சு போச்சு, பாய் வந்தது. ஆசிரியரும் தரையில. சுவரோட கீழ்ப்பகுதியில கருப்புப் பெயின்ட் அடிச்சாங்க, அதுதான் கீழ்மட்டக் கரும்பலகை, ஒவ்வொரு குழந்தைக்கும் தனக்குன்னு ஒரு பங்கு. ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். 20-க்கு 20 அடி அறைன்னு வெச்சுக்கோங்க. நாலு சுவரும் சேர்த்து 80 அடி. கதவு, அலமாரி போக 60 அடி. ஒரு குழந்தைக்கு 2 அடின்னா 30 பேர். அதுவரைக்கும் ஒரே ஒரு சுவர், அதுவும் வாத்தியாருக்கு எட்டற உயரம்தான் பயன்பட்டது. இப்ப நாலு சுவரும் குழந்தைங்க கையில. மேல கம்பிப் பந்தல் கட்டி அவங்க வரைஞ்சதைத் தொங்கவிட்டாங்க. வருகைப் பதிவையும் அவங்களே போட்டாங்க.

இதெல்லாம் கண்ணுக்குத் தெரியற பகுதி. இதை ஓடவெச்சது ஏணி. பாடத்தை நூத்துக்கணக்கான சின்னப் படிகளா பிரிச்சு, ஒவ்வொண்ணுக்கும் ஒரு சின்னம், ஒரு எண், ஒரு அட்டை. குழந்தை காலையில வந்ததும் ஏணியில தன் இடத்தைப் பார்க்கும், தட்டுல இருந்து அந்த அட்டையை எடுக்கும், அட்டை சொல்ற குழுவுல போய் உட்காரும். மொத்தம் ஆறு குழு. ஒரு குழுவுக்கு ஆசிரியர் முழுசா உதவுவார், ஒண்ணுக்குப் பாதி. அடுத்த ரெண்டுல கூடப் படிக்கறவங்களே முழுசாவோ பாதியோ உதவுவாங்க. ஒண்ணுல தானே செய்யணும். கடைசிக் குழு மதிப்பீட்டுக்கு. ஜிரா போர்டு மாதிரிதான், ஆனா ஏழு வயசுக் குழந்தை அதைத் தானே நகர்த்தும். ஒரு வாரம் காய்ச்சல்ல படுத்தாலும் திரும்பி வந்து விட்ட படியிலேயே ஏறலாம். வகுப்பு அதை விட்டுட்டு ஓடிப்போகாது.

கூடப் படிக்கறவங்க உதவின்னு சொன்னேன் பாருங்க, அது நம்ம பழைய சட்டாம்பிள்ளைதான். ஆனா இந்தத் தடவை அவன் கையில பிரம்பு இல்லை, அட்டை இருந்தது. ரெண்டடி தள்ளி பயிற்சி எடுத்த ஆசிரியரும் இருந்தார்.

விமர்சனமும் பலமா இருந்தது. "டீச்சர் பாடமே நடத்தலையாமே, ஹோம்வொர்க்கே தரலையாமே"ன்னு பெற்றோர் பயந்தாங்க. அட்டையை முடிக்கறதே குறியா ஆகி, குழந்தை யோசிக்கற நேரம் குறையுதுன்னு சில ஆசிரியர்கள் சொன்னாங்க. ஒரே ஆசிரியர் ரெண்டு மூணு வகுப்பைப் பார்க்கற இடத்துல, உதவி தேவைப்படற குழு அவருக்காகக் காத்தே கிடந்தது. வருஷங்கள் போகப் போக முறையை எளிமையாக்கினாங்க. 2022-ல, கொரோனா விடுமுறையோட இழப்பைச் சரிபண்ண, எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தது. தரையில உட்கார்ந்து குழுவா கத்துக்கற பழக்கம் மட்டும் அதுலயும் தொடருது.

கும்பகோணம்

திறந்தவெளியைப் பத்திப் பேசும்போது 2004 ஜூலை 16-ஐத் தாண்டிப் போக முடியாது. கும்பகோணத்துல ஒரு பள்ளியில தீ. 94 குழந்தைகள் போயிட்டாங்க. கூரை ஓலை, இடம் நெருக்கடி, இறங்க ஒரு குறுகலான படிக்கட்டு. அதுக்கப்புறம்தான் தமிழ்நாடு முழுக்கப் பள்ளிகள்ல ஓலைக்கூரையை எடுக்கவெச்சாங்க.

அடையாறு தோப்புல நாலு பக்கமும் திறந்த தரைமட்டக் கொட்டகையில ஓலை அழகுதான். அடைசலான மாடியில அதே ஓலை எமன். 'திறந்த' கட்டடம்னு ஒருத்தர் சொன்னா நான் முதல்ல பார்க்கற இடம் வாசல். ஒரு குழந்தை எத்தனை வழியில வெளியில ஓட முடியும்?

இப்ப கட்டறவங்ககிட்ட

ஏன் இதை இப்பப் பேசணும்? இது கட்டற காலம். பேராசிரியர் அன்பழகன் பள்ளி மேம்பாட்டுத் திட்டத்துல மட்டும் அஞ்சு வருஷத்துல 7,000 கோடி ரூபாய்னு 2022-ல அரசு அறிவிச்சது. தனியார் பள்ளிகள் அது பாட்டுக்குக் கட்டிக்கிட்டு இருக்கு. இப்ப போடற காங்கிரீட் இன்னும் அம்பது வருஷத்துக்கு அசையாது.

பெல் கூடம், மாண்டிசோரி கொட்டகை, ஃபின்மியர், அமெரிக்கப் பள்ளிகள், மாநகராட்சி அறை, எல்லாத்தையும் வரிசையா வெச்சுப் பார்த்தா எனக்குத் தெரியறது இதுதான்: சுவர் செஞ்ச வேலையை ஏத்துக்க ஒரு பாயோ ஏணியோ அட்டையோ இருந்த இடத்துல திறந்தவெளி நின்னுச்சு. சுவரை மட்டும் எடுத்த இடத்துல பீரோ வந்து நின்னுச்சு.

அதனால உங்க அக்கா பொண்ணுக்கோ உங்க குழந்தைக்கோ ஸ்கூல் பார்க்கப் போனீங்கன்னா, பீன் பேக், கலர் கலர் தடுப்பையெல்லாம் ரசிச்சுட்டு, நாலு கேள்வி கேளுங்க. டீச்சர் வேற குழுவோட இருக்கும்போது என் குழந்தை அடுத்து என்ன செய்யணும்னு அதுக்கு எப்படித் தெரியும்? இத்தனை குழு பேசற சத்தம் எங்க போகும்? ஏசி நின்னா காத்து எந்தப் பக்கம் வந்து எந்தப் பக்கம் போகும்? வெளியேற எத்தனை வழி? அஞ்சாவது கேள்வி நமக்கு நாமே கேட்டுக்க வேண்டியது: இந்தத் திண்ணையில யாருக்கு இடம் இல்லை?

கடைசியா ஒரு வேண்டுகோள். 2004-க்கு அப்புறம் சென்னை மாநகராட்சி ஆரம்பப் பள்ளியில படிச்சவங்க, 2007-க்கு அப்புறம் தமிழ்நாட்டுல எந்த அரசு ஆரம்பப் பள்ளியிலயும் படிச்சவங்க, நீங்கதான் அந்த ஏணியில ஏறின தலைமுறை. இன்னைக்கு உங்கள்ல பல பேருக்கு இருபது வயசுக்கு மேல. பெரியவங்க ஆளாளுக்கு உங்க வகுப்பறையைப் பத்தி அறிக்கை எழுதினாங்க. உங்களை யாரும் பெருசா கேட்கலை. உங்க சின்னம் என்ன, எந்தக் குழுவுல அதிக நேரம் உட்கார்ந்தீங்க, பக்கத்துல உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தது யாருன்னு வாய்ஸ் நோட் அனுப்புங்க. அடுத்த எபிசோடை அதை வெச்சே பண்ணலாம்.